வலி ஒரு கேள்வி, வம்சம் இன்னொரு கேள்வி

“அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் இருந்தது. இப்போது எனக்கு மார்பு வலிக்கிறது.” இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லும் பெண், மூன்றாவது வாக்கியத்தை மனத்துக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்: எனக்கும் வந்துவிட்டது.

அந்த மூன்றாவது வாக்கியம் பெரும்பாலும் தவறு. மார்பக வலி மிகப் பரவலானது; புற்றுநோயின் அறிகுறியாக அது வருவது அரிது. ஆனால் இதை மட்டும் சொல்லி அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அவர் கொண்டுவந்தவை இரண்டு கேள்விகள். இந்த வலி எதனால் வருகிறது என்பது ஒன்று. என் குடும்பத்தில் வந்த நோய் எனக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பரிசோதனை பதில் சொல்லும். இரண்டாவதற்கு, யாராவது உட்கார்ந்து அவருடைய குடும்பக் கதையைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் வீண் பயம் குறையும், தேவையான கவனமும் தப்பாது.

வலி எங்கிருந்து வருகிறது?

பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் எப்போதாவது மார்பக வலியை உணர்கிறார்கள். மருத்துவர்கள் இதை மூன்று வகையாகப் பார்க்கிறார்கள்.

முதல் வகை, மாதவிலக்கை ஒட்டி வந்து போகும் வலி. மருத்துவரிடம் வரும் மார்பக வலிகளில் மூன்றில் இரண்டு பங்கு இதுதான். கருமுட்டை வெளிவந்த பிறகு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் தூண்டுதலால் மார்பகத்தின் சுரப்பித் திசு ஒவ்வொரு மாதமும் கருத்தரிப்புக்கு ஆயத்தமாகிறது. செல்கள் பெருகுகின்றன, ரத்த ஓட்டம் கூடுகிறது, திசுக்களுக்கு இடையே நீர் கோத்துக்கொள்கிறது. மார்பு கனத்து, தொட்டாலே நோகிறது. விலக்குக்கு முந்தைய நாட்களில் வலி உச்சத்துக்குப் போய், விலக்கானதும் வடிந்துவிடும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். மேல் வெளிப்பகுதியில் தொடங்கி அக்குள்வரை இழுக்கும். மாதவிலக்கு நிற்கப்போகும் ஆண்டுகளில் ஹார்மோன்கள் தாறுமாறாக ஏறி இறங்குவதால் சிலருக்கு இது கூடுவதுண்டு. முற்றிலும் நின்றபின் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும்.

இரண்டாம் வகைக்கும் மாதச் சுழற்சிக்கும் தொடர்பில்லை. ஒரு பக்கத்தில், பெரும்பாலும் ஒரே இடத்தில், விட்டு விட்டோ தொடர்ந்தோ வலிக்கும். நீர்க்கட்டி, பால் கட்டிக்கொண்டதால் வந்த அழற்சி, பழைய அடி, அறுவைச் சிகிச்சைத் தழும்பு, கருத்தடை மாத்திரை, மாதவிலக்கு நின்றபின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரை, மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. கருவுற்ற முதல் வாரங்களிலும் மார்பு நோகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாம் வகை மார்பகத்தில் பிறப்பதே இல்லை. அதன் பின்னால் இருக்கும் நெஞ்சுக்கூட்டில் பிறக்கிறது. விலா எலும்புகள் நடு நெஞ்செலும்போடு சேரும் இடத்துக் குருத்தெலும்பில் அழற்சி ஏற்படலாம். தண்ணீர்க் குடம் தூக்கியதாலோ கைக்குழந்தையை ஒரே பக்கம் சுமந்ததாலோ நெஞ்சுத் தசை பிடித்துக்கொண்டிருக்கலாம். மார்பகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டு செல்பவை விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளின் கிளைகளே. அதனால் எலும்பு வலியையும் மார்பக வலியையும் நம்மால் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை. மருத்துவருக்கு ஒரு வழி உண்டு. ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார். மார்பகம் சரிந்து விலகியதும் விலா எலும்பின் மேல் விரலால் அழுத்துவார். “இதே வலிதான்” என்று நீங்கள் சொல்லிவிட்டால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். அக்கி, பித்தப்பைக் கல், கழுத்து எலும்புத் தேய்மானம் ஆகியவையும் மார்பு வலியாக வெளிப்படலாம். இடது பக்க நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் அதை மார்பக வலி என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது; இதயத்துக்கான அவசர உதவி தேவை.

எந்த வகை என்று அறிய நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக் காலண்டரில் இரண்டு மாதங்களுக்கு வலி வந்த நாட்களையும் விலக்கு நாட்களையும் குறித்து வையுங்கள். மருத்துவர் அதைப் பார்த்த சில நொடிகளிலேயே பாதி பதிலைக் கண்டுவிடுவார். ஒரே இடத்தில் விடாமல் வலிக்கிறது என்றாலோ கை வைத்தால் எதுவோ தட்டுப்படுகிறது என்றாலோ இந்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டாம். நேராகப் போய்க் காட்டிவிடுங்கள்.

புற்றுக்கட்டி ஏன் வலிப்பதில்லை?

வலி உண்டாக வேண்டுமானால் நரம்பு முனைகள் அழுத்தப்பட வேண்டும், அல்லது அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருள்கள் அவற்றைத் தூண்ட வேண்டும். மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் பால் நாளத்தின் உட்சுவரில் உள்ள ஒரு செல்லில் தொடங்குகிறது. கையில் தட்டுப்படும் அளவை எட்டவே பல ஆண்டுகள் ஆகலாம். அந்தக் காலம் முழுவதும் அது சத்தமில்லாமல், பெரும் அழற்சியை உண்டாக்காமல் வளர்கிறது. கட்டி இல்லை, தோலில் மாற்றம் இல்லை, கசிவு இல்லை, வலி மட்டுமே குறை என்று வந்த பெண்களை ஆராய்ந்த பெரும்பாலான ஆய்வுகளில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 3 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பலவற்றில் அதைவிடக் குறைவு. அப்படிக் கண்டறியப்பட்டவற்றிலும் சில, வலித்த இடத்துக்குத் தொடர்பே இல்லாத வேறிடத்தில் இருந்தவை.

இதன் மறுபக்கம்தான் நம் ஊரில் உயிரைப் பறிக்கிறது. “கட்டி இருந்தது, ஆனால் வலிக்கவில்லை. அதனால் விட்டுவிட்டேன்” என்று சொல்லும் பெண்களைப் புற்றுநோய் மருத்துவர்கள் ஓயாமல் சந்திக்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்தார்கள். இவர்களில் கணிசமானோர் நோய் அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியபின் மருத்துவமனைக்கு வந்தவர்கள். வலித்தால்தான் நோய் என்ற நம்பிக்கை, வலியுள்ளவரை அநாவசியமாக அச்சுறுத்துகிறது. வலியில்லாதவரை ஆபத்தான அளவுக்குத் தூங்க வைக்கிறது. வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

விதிவிலக்குகள் உண்டு. அழற்சிவகை மார்பகப் புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது. மொத்த மார்பகப் புற்றுநோய்களில் 1 முதல் 5 விழுக்காடுதான் என்றாலும் மிக வேகமாகப் பரவுவது. சில வாரங்களுக்குள்ளேயே மார்பு வீங்கி, சிவந்து, சூடாகி, தோல் ஆரஞ்சுப் பழத்தோல்போல் குழி குழியாகிவிடும், வலியும் இருக்கும். பால் கட்டியதாக எண்ணி ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் அடங்காத சிவப்பு என்றால் மருத்துவர் இதை நினைத்துப் பார்த்தாக வேண்டும். இத்தகைய விதிவிலக்குகள் இருப்பதால்தான், விடாமல் ஒரே இடத்தில் வலிக்கும் மார்பகத்தைக் கையால் தொட்டுப் பார்க்காமல் யாரும் “ஒன்றுமில்லை” என்று சொல்லக் கூடாது.

சரி, குடும்பத்தில் புற்றுநோய் இருந்தால் இந்தக் கணக்கு மாறுமா? அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் ஒரு பெண்ணின் அடிப்படை வாய்ப்பு கூடுகிறது. வலி வந்ததால் அது மேலும் கூடுவதில்லை. வலி போய்விட்டதால் குறைவதுமில்லை. இந்த ஒரு வரியை மனத்தில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் தெளிவாகும்.

குடும்பக் கதை சொல்லும் சேதி

பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்ததை 1866-இல் பதிவு செய்தார். அது தற்செயலாக இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. ஆனால் எந்த வழியாக அது இறங்குகிறது என்று சொல்ல அன்று மரபணுவியல் என்ற துறையே இல்லை.

அதற்கு 124 ஆண்டுகள் கழித்து, 1990-இல், அமெரிக்காவின் பெர்க்லியில் மேரி-கிளேர் கிங் தலைமையிலான குழு 23 பெரிய குடும்பங்களைச் சேர்ந்த 146 மார்பகப் புற்றுநோய் நேர்வுகளை ஆராய்ந்தது. நோய்க்குக் காரணமான மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டியது. எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாகப் பார்த்தபோது அந்தத் தொடர்பு மங்கலாகவே இருந்தது. நோய் இளம் வயதிலேயே வந்த குடும்பங்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் பளிச்சென்று தெரிந்தது. இன்று மருத்துவர், “அம்மாவுக்கு இருந்ததா?” என்று கேட்டவுடன், “எத்தனை வயதில்?” என்றும் கேட்கிறாரே, அந்த இரண்டாவது கேள்வியின் வேர் இங்கே இருக்கிறது. 1994-இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் பி.ஆர்.சி.ஏ.1. அடுத்த ஆண்டு 13-ஆவது குரோமோசோமில் உள்ள பி.ஆர்.சி.ஏ.2 பிரித்தெடுக்கப்பட்டது. மருத்துவமனைகளில் இவற்றைப் ‘பிராக்கா’ என்றே சொல்வார்கள்.

இவை நோயை உண்டாக்குவதற்கென்று இருக்கும் மரபணுக்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஆண், பெண் எல்லோருக்கும் இவை இருக்கின்றன, டி.என்.ஏ. இழை இரண்டாக அறுந்துபோகும்போது அதைப் பிழையின்றி ஒட்டும் வேலையைச் செய்கின்றன. ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று அம்மாவிடமிருந்து, மற்றது அப்பாவிடமிருந்து. பிறக்கும்போதே ஒரு பிரதி பழுதாக இருந்தால், பின்னாளில் ஏதாவதொரு செல்லில் மற்றப் பிரதியும் பழுதாகும்போது அந்தச் செல்லில் பழுதுபார்ப்பு நின்றுவிடுகிறது. பிழைகள் சேர்கின்றன, புற்று தொடங்குகிறது. பி.ஆர்.சி.ஏ.1 பழுதோடு பிறந்த பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 72 விழுக்காடு, பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 69 விழுக்காடு. சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு முறையே 44, 17 விழுக்காடு என்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

இந்த எண்களைக் கண்டு மிரள்வதற்கு முன் வேறு சில எண்களையும் பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே இப்படி ஒற்றை மரபணுப் பழுதால் வருபவை. 52 ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி 2001-இல் வெளியான பகுப்பாய்வில், நோய் வந்த ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்கு அம்மா, சகோதரி, மகள் யாருக்கும் அந்நோய் இல்லை. அதாவது, “எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை” என்பது எவருக்கும் காப்பு ஆகாது. அதே பகுப்பாய்வின்படி, நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு நோய் இருந்தால் வாய்ப்பு 1.8 மடங்காகிறது, இருவருக்கு இருந்தால் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் அப்படி நெருங்கிய உறவில் நோய் உள்ள பெண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அது வருவதே இல்லை.

எந்தக் குடும்பக் கதை மருத்துவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்? 50 வயதுக்கு முன்பே வந்த மார்பகப் புற்றுநோய். இரண்டு மார்பிலும் வந்தது. ஒரே பக்க உறவில் இரண்டு மூன்று பேருக்கு வந்தது. ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இல்லாத ‘டிரிபிள் நெகட்டிவ்’ வகை. யாருக்காவது சினைப்பையில் வந்தது. குடும்பத்து ஆண் ஒருவருக்கு மார்பகத்தில் வந்தது. கணையப் புற்றுநோயும், இளவயதில் வரும் தீவிரமான புராஸ்டேட் புற்றுநோயும் இந்தப் பட்டியலில் சேரும்.

இங்கே பலரும் தவறவிடுவது அப்பா வழியை. மார்பகப் புற்றுநோய் என்றதும் அம்மா, சித்தி, அம்மாச்சி என்றே யோசிக்கிறோம். பழுதான பிரதியை அப்பாவும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு பிள்ளைகளுக்குத் தரக்கூடும். அவருக்கு எந்த நோயும் வராமலே இருக்கலாம். அத்தைக்கு வந்ததும் அப்பத்தாவுக்கு வந்ததும் உங்கள் கதைதான். மூன்று அண்ணன் தம்பிகள் மட்டுமே பிறந்த அப்பா வீட்டில் நோய் ஒரு தலைமுறை முழுவதும் வெளியே தெரியாமல் போகவும் கூடும். சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் அம்மா வழியும் அப்பா வழியும் ஒரே மூதாதையரிடம் போய்ச் சேர்வதுண்டு. அங்கே இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, மரபுவழிப் புற்றுநோய் ஆராய்ச்சியிலும் பல ஆண்டுகளாக ஈடுபட்டுவருகிறது. அஷ்கநாசி யூதர்களிடம் அடிக்கடி காணப்படுவதாக உலகம் அறிந்திருந்த ஒரு பி.ஆர்.சி.ஏ.1 பழுது, அதாவது அடினைன், குவானைன் என்னும் இரண்டே எழுத்துகள் விடுபட்ட பிழை, தென்னிந்தியப் பெண்களிடமும் திரும்பத் திரும்பத் தென்படுவதை அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. இது மேலைநாட்டாருக்கு மட்டுமான பேச்சு என்று ஒதுக்கிவிட நமக்கு இடமில்லை.

ஒதுக்கவும் மறைக்கவும் நம் குடும்பங்களுக்கு வேறொரு காரணம் இருக்கிறது. “வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது” என்ற பயம். அதனால் பெரியம்மா இறந்தது ‘வயிற்றில் கட்டி’யால் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கட்டி கருப்பையிலா, சினைப்பையிலா, குடலிலா என்று அடுத்த தலைமுறைக்குத் தெரிவதே இல்லை. அந்த ஒரு தகவல் இருந்திருந்தால் ஒரு பேத்தியின் நோயை இரண்டு ஆண்டு முன்னதாகக் கண்டிருக்கலாம். குடும்ப மானத்துக்காகக் காக்கும் மௌனத்துக்கு அந்தக் குடும்பத்துப் பெண்களே விலை கொடுக்கிறார்கள். இதைச் சொல்லும்போது மனம் பதறுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பரிசோதனை அறையில்

மார்பகக் குறைகளுக்கு முதலில் பார்க்க வேண்டியவர் பொது அறுவைச் சிகிச்சை நிபுணர், அல்லது மார்பகச் சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்றவர். வழக்கமாகப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் தொடங்கினாலும் தவறில்லை, அவர் அனுப்பிவைப்பார். தமிழ்நாட்டில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகத்தைக் கையால் பரிசோதிக்கும் ஏற்பாடு உண்டு. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதும், ஆண் மருத்துவர் பரிசோதிக்கையில் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. விலக்கு முடிந்த சில நாட்களில் போனால் மார்பு இளகியிருக்கும், பரிசோதனை நோகாது.

கைப்பரிசோதனையை ஏதோ பழைய முறை என்று குறைத்து எண்ண வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்த பெண்களிடம் நோய் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களில் அப்படிக் குறையவில்லை.

கையில் ஏதும் தட்டுப்படாமல், இரண்டு பக்கமும் மாதச் சுழற்சியோடு வந்து போகும் வலி என்றால் பெரும்பாலும் ஸ்கேன் எதுவும் தேவைப்படாது. ஒரே இடத்தில் நிலைத்த வலி என்றால் படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். 30 வயதுக்குக் கீழே அல்ட்ராசவுண்ட். 40-க்கு மேல் மேமோகிராம், தேவைப்பட்டால் கூடவே அல்ட்ராசவுண்ட். இடைப்பட்ட வயதில் மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். வயதுக்கு ஏற்பக் கருவி மாறுவதற்குக் காரணம் உண்டு. இளம்பெண்ணின் மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் அது வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். பஞ்சுப் பொதிக்குள் வெள்ளை நூலைத் தேடுவது போன்ற வேலை அது. வயது ஏற ஏறச் சுரப்பித் திசு குறைந்து கொழுப்பு கூடும்போது பின்னணி கறுத்து, கட்டி பளிச்சென்று தெரிகிறது.

மேமோகிராமின் கதிர்வீச்சுக்குப் பலர் அஞ்சுகிறார்கள். இரண்டு மார்புக்கும் சேர்த்து அது ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஏழு வாரங்களில் இயல்பாகவே நம்மேல் படும் அளவு. ரிப்போர்ட்டில் ‘பை-ராட்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். 1 என்றால் இயல்பு. 2 என்றால் தீங்கற்ற மாற்றம். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டும். 0 என்றால் இன்னும் படங்கள் தேவை. பூஜ்யத்தைக் கண்டு பதறவும் வேண்டாம், ‘ஒன்றுமில்லை’ என்று மகிழவும் வேண்டாம்.

திசு எடுக்க ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பேச்சு ஊரெங்கும் உலவுகிறது. அது உண்மையன்று. ஊசிச் சோதனைக்கு அஞ்சித் தள்ளிப்போடுவதால்தான் நோய் முற்றுகிறது.

ரிப்போர்ட் நன்றாக இருந்தால்?

இங்கேதான் இரண்டு கேள்விகளையும் பிரித்தது பயன்படுகிறது. “எல்லாம் நார்மல்” என்ற ரிப்போர்ட், இந்த வலி புற்றுநோயால் அன்று என்ற முதல் கேள்விக்கு நம்பகமான பதில். அதை முழுமையாக நம்பி நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டாவது கேள்விக்கு அது பதில் அன்று. இன்று எடுத்த படம் இன்றைய நிலையைச் சொல்லும். குடும்பத்திலிருந்து வந்த வாய்ப்பைச் சொல்லாது. வலிக்கும் பெண்ணுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பும் அவசரத்தில் குடும்ப வரலாற்றைக் கேட்காமல் விட்டால், அவர் திரும்ப வர எந்தக் காரணமும் இல்லாமல் போய்விடும்.

ஆகவே அதே நாளில் கேளுங்கள்: “என் குடும்ப வரலாற்றைப் பார்த்து, எனக்கு எத்தனை வயதிலிருந்து, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பரிசோதனை தேவை என்று சொல்வீர்களா?” குடும்பத்தில் மிக இளம் வயதில் நோய் கண்டவரின் வயதிலிருந்து பத்தைக் கழித்து, அந்த வயதில் கண்காணிப்பைத் தொடங்குவது பரவலான வழிமுறை, மேமோகிராம் மட்டும் பொதுவாக 30-க்கு முன் எடுப்பதில்லை. அம்மாவுக்கு 45-இல் வந்தது என்றால் மகளுக்கு 35. மரபணுப் பழுது உறுதியானவர்களுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மேமோகிராமும் சேர்த்துப் பரிந்துரைக்கப்படுகிறது.

மரபணுச் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. முன்சொன்ன எச்சரிக்கைப் பட்டியலில் உங்கள் குடும்பம் வந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் போதும். ஆனால் யார் முதலில் கொடுப்பது என்பது முக்கியம். நோய் வந்தவர் உயிரோடு இருந்தால் அவரிடம் தொடங்க வேண்டும். அவரிடம் பழுது கண்டுபிடிக்கப்பட்டால் மற்றவர்களிடம் அந்த ஒரே பழுதைத் தேடினால் போதும். அது இல்லாதவர், அக்குடும்பத்தில் பிறந்திருந்தாலும், ஏறத்தாழ மற்றப் பெண்களுக்குள்ள வாய்ப்புக்கே திரும்பிவிடுகிறார். பல ஆண்டு பயம் ஒரே நாளில் இறங்கும் இடம் அது. சில நேரம் ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்று முடிவு வரும். அதை வைத்து எந்தப் பெரிய முடிவும் எடுக்கக் கூடாது.

பழுது இருப்பது உறுதியானாலும் வழிகள் உண்டு. நெருக்கமான கண்காணிப்பு ஒன்று. வாய்ப்பைக் குறைக்கும் மாத்திரைகள் இன்னொன்று. மார்பகங்களை முன்கூட்டியே அகற்றும் அறுவைச் சிகிச்சை அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பை 90 விழுக்காடு அல்லது அதற்கும் மேல் குறைக்கிறது. சினைப்பைப் புற்றுநோயைத் தொடக்கத்தில் காட்டித்தரும் நம்பகமான சோதனை இல்லாததால், குழந்தைப்பேறு முடிந்தபின், பி.ஆர்.சி.ஏ.1 பழுது என்றால் 35 முதல் 40 வயதுக்குள், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றும்படி மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். எதையும் ஒரே வாரத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை. முடிவு அந்தப் பெண்ணுடையது. கணவருடையதோ மாமியாருடையதோ அன்று.

வலியையும் மறந்துவிடக் கூடாது

புற்றுநோய் இல்லை என்றானபின் வலியைப் பற்றிப் பேசுவதே கூச்சம் என்று பல பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்கள். வலி உண்மையானது, அதற்குச் சிகிச்சையும் உண்டு. “புற்றுநோய் அன்று” என்று தெளிவாக விளக்கினாலே பெரும்பாலோருக்கு வலி தாங்கக்கூடியதாகிவிடுகிறது. சரியான அளவில் நன்றாகத் தாங்கிப்பிடிக்கும் உள்ளாடை அணியலாம். வலியுள்ள நாட்களில் இரவிலும் மென்மையான ஒன்றை அணிந்துகொள்ளலாம். டைக்ளோஃபினாக் களிம்பை மேலே தடவலாம், பாரசிட்டமாலும் உதவும். ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரைகளைப் பலர் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கட்டுப்பாட்டுடன் நடந்த ஆய்வுகளில் அவை போலி மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை.

அன்றாட வேலையையே முடக்கும் வலிக்கு ஹார்மோன் வழி மருந்துகள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே பிறந்தது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆர்மெலாக்சிஃபின், ‘சஹேலி’ என்ற பெயரில் கருத்தடை மாத்திரையாக அறியப்பட்டது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனின் செயலை அது தடுப்பதால் இந்திய மருத்துவமனைகளில் மார்பக வலிக்கும் தரப்படுகிறது. விலக்கைத் தள்ளிப்போடக்கூடும், சினைப்பையில் நீர்க்கட்டியை உண்டாக்கக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

தள்ளிப்போடக் கூடாதவை

வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடும்பத்தில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பின்வருவனவற்றில் ஒன்று தென்பட்டால் ஓரிரு வாரத்துக்குள் காட்டிவிடுங்கள்: மார்பிலோ அக்குளிலோ புதிய கட்டி, புதிதாக உள்ளிழுத்துக்கொண்ட காம்பு, காம்பிலிருந்து தானாகவே வடியும் ரத்தம் கலந்த கசிவு, தோலில் குழியோ சுருக்கமோ ஆரஞ்சுத்தோல் போன்ற தடிப்போ, காம்பில் ஆறாத புண், ஆறாத சிவப்பும் வீக்கமும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்குப் புதிதாக ஒரே இடத்தில் வரும் விடாத வலி.

இதைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து மூன்று தலைமுறையை எழுதுங்கள். அம்மா வழி ஒரு பக்கம், அப்பா வழி ஒரு பக்கம். யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்று தெரிந்தவரை குறியுங்கள். தெரியாததை அத்தையிடமும் பெரியப்பாவிடமும் கேளுங்கள். பழைய மருத்துவமனைக் காகிதங்கள் பீரோவில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். அடுத்த முறை எந்தக் காரணத்துக்காக மருத்துவரிடம் போனாலும் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் வலிக்கு மாத்திரை எழுதித் தருகிற அதே மருத்துவர், அந்தத் தாளை வைத்து உங்கள் தங்கைக்கும் மகளுக்கும் எப்போது பரிசோதனை தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட முடியும். அதற்கு அவரிடம் இல்லாதது அந்தக் குடும்பக் கதை ஒன்றுதான். அதை உங்களால் மட்டுமே தர முடியும்.